நாடாளுமன்றக் கேள்வி-பதில் சேவை: இணைப்பிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்

மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகளுக்கு ஒன்றிய அமைச்சகங்கள் அளிக்கும் பதில்களை நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றி எடுத்துப் படிக்கலாம். புள்ளிவிவரங்களைத் தமிழில் எழுதிப் பிழைக்கும் எனக்குப் பல ஆண்டுகளாக இதுதான் மாதச் சாமான் வாங்கும் மளிகைக் கடை. கடையில் சரக்கு நல்ல சரக்கு. ஆனால் பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படித்த பிறகே வீட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். இந்த மதிப்புரையும் பெரும்பாலும் அந்தப் பொட்டலத்து எழுத்தைப் பற்றியதே.

முதலில் சரக்கின் அளவு. கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் மக்களவையின் பட்டியலில் 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளும் 230 குறியிடாத கேள்விகளும் இடம்பெறுகின்றன. மாநிலங்களவையில் இந்த எண்ணிக்கை 15, 160. நட்சத்திரம் பெற்ற கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டும், உறுப்பினர்கள் துணைக் கேள்விகளால் அவரை மடக்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வைத்தால் போதும். (மதிப்புரை எழுதுகிறவர்கள் பொருளுக்கு நட்சத்திரம் கொடுப்பார்கள், இங்கே நட்சத்திரம் கேள்வியோடு சேர்ந்தே வருகிறது.) தொலைக்காட்சியில் காட்டப்படுவது முதல் வகை. என்னைப் போன்றோருக்குப் பயன்படுவது இரண்டாம் வகை. கூச்சல், ஒத்திவைப்பு என்று அவை ஒரு நிமிடம்கூட நடக்காமல் போன நாளிலும் எழுத்துப்பூர்வ பதில்கள் வந்து சேர்ந்துவிடுகின்றன.

ஒரு பதில் எப்படித் தயாராகிறது என்பதை அறிந்துகொண்டால் அதைப் படிக்கும் முறையும் பிடிபடும். உறுப்பினர் குறைந்தது 15 நாட்களுக்கு முன் கேள்வியைக் கொடுக்கிறார். அவைச் செயலகம் அதை ஏற்றால் அமைச்சகத்தின் நாடாளுமன்றப் பிரிவுக்குப் போகிறது. அங்கிருந்து உரிய பிரிவுக்கு இறங்கி, வரைவாகி, படிப்படியாக மேலேறி அமைச்சரின் ஒப்புதலைப் பெறுகிறது. தெரிந்தே அவைக்குத் தவறான தகவல் தருவது அவையின் உரிமை மீறல் என்பதால், வரைவை எழுதும் அதிகாரி எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார்: நாளைக்கு யாரும் இதைப் பொய் என்று நிரூபிக்கக் கூடாது. ஆகவே, பதிலில் உள்ள ஒவ்வொரு அடைமொழியும் ஒரு காரணத்தோடு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

2021 ஜூலை 20 அன்று மாநிலங்களவையில் சுகாதாரத் துறை இணையமைச்சர் அளித்த பதிலை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த மரணங்கள் என்று மாநிலங்களோ ஒன்றியப் பகுதிகளோ ‘குறிப்பாக’ எதையும் தெரிவிக்கவில்லை என்பது அதன் சாரம். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது என்பது அதற்கு முந்தைய வரி. கொரோனா இரண்டாம் அலையின்போது மருத்துவமனை வாசல்களில் நின்றவர்களுக்கு இந்தப் பதில் நெஞ்சைச் சுட்டது. அந்தக் கோபத்தைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டு ‘குறிப்பாக’ என்ற சொல்லை உற்றுப் பார்த்தால், யாரும் இறக்கவில்லை என்று பதில் எங்கும் சொல்லவில்லை என்பது தெரியும். அந்தத் தலைப்பில் மாநிலங்களிலிருந்து கணக்கு வரவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. மறுநாள் தலைப்புச் செய்திகள் பலவற்றில் இந்த வேறுபாடு காணாமல் போனது.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு கழிவுநீர்த் தொழிலாளர்களைப் பற்றிய பதில்களில் இருக்கிறது. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பதில்களும் அவையே. 2021 மழைக்காலக் கூட்டத்தொடரில், கையால் மலம் அள்ளும் தொழிலால் இறந்தவர்கள் பற்றிய விவரம் கேட்கப்பட்டபோது, அப்படிப்பட்ட மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று சமூக நீதி அமைச்சகம் தெரிவித்தது. அதே கூட்டத்தொடரில் அதே அமைச்சகம், பாதாளச் சாக்கடைகளையும் மலக்குழிகளையும் ஆபத்தான முறையில் துப்புரவு செய்யும்போது இறந்தவர்கள் 941 பேர் என்றும் தெரிவித்தது. இந்த இரண்டு பதில்களும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. இந்தத் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கையால் மலம் அள்ளுவதையும் மலக்குழிக்குள் இறங்கித் துப்புரவு செய்வதையும் தனித்தனியாக வரையறுத்திருக்கிறது. முதல் கேள்வி முதல் வரையறையைத் தொட்டதால் சுழியம் வந்தது. இரண்டாம் வரையறையைத் தொட்டதும் 941 உடல்கள் கணக்கில் வந்தன. சாக்கடைக்குள் இறங்கி மூச்சு முட்டிச் செத்தவனுக்கு எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும் என்பதெல்லாம் அவன் வீட்டாருக்குத் தெரியப்போவதில்லை. கேள்வி எழுதுகிறவருக்கோ அது தெரிந்தே ஆக வேண்டும்.

அந்த 941இல் 213 தமிழ்நாட்டைச் சேர்ந்தவை, மாநிலங்களிலேயே மிக அதிகம். குஜராத் 153உடன் அடுத்து வந்தது. இங்கே இந்தச் சேவையின் பெரிய குறை ஒன்று வெளிப்படுகிறது: தமிழ்நாட்டில் உண்மையிலேயே அதிகம் பேர் இறந்தார்களா, அல்லது தமிழ்நாடு மற்றவர்களைவிட ஒழுங்காக எண்ணி அனுப்பியதா என்பதற்கு அட்டவணையில் எந்தக் குறிப்பும் கிடையாது. மாநிலங்கள் அனுப்பியதை ஒன்றிய அரசு அடுக்கித் தருகிறது, அவ்வளவுதான். இறந்தவர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்த மாநிலம் பட்டியலின் தலையில் நின்று தலைகுனிகிறது. எண்ணாமல் விட்ட மாநிலம் நல்ல பெயர் வாங்குகிறது. இத்தகைய அட்டவணையைக் கொண்டு மாநிலங்களை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவதை நான் நிறுத்திவிட்டேன்.

ஆனால் அதே ஆண்டுக் குளிர்காலக் கூட்டத்தொடரில் அதே துறையிடமிருந்து, என் கணிப்பில், இந்தச் சேவையின் மிகச் சிறந்த பதில்களில் ஒன்று வந்தது. அடையாளம் காணப்பட்ட 58,098 கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களின் சாதிப் பிரிவு கேட்கப்பட்டிருந்தது. விவரம் கிடைத்தவர்கள் 43,797 பேர்; அவர்களில் 42,594 பேர் பட்டியல் சாதியினர், 421 பேர் பழங்குடியினர், 431 பேர் பிற்படுத்தப்பட்டோர், எஞ்சிய 351 பேர் ஏனையோர். கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் ஒரே பிரிவினர் என்பதை அமைச்சகமே தன் கையெழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் இது. கேள்வி நேராக இருந்ததால் பதிலும் நேராக வந்தது.

சரியான கதவைத் தட்டுவதும் ஒரு கலை. 2020 செப்டம்பரில், பெருந்தொற்றைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே நீக்கி, எழுத்துப்பூர்வ பதில்களை மட்டும் விட்டுவைத்த கூட்டத்தொடரில், ஊரடங்கின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று தொழிலாளர் அமைச்சகத்திடம் கேட்டார்கள். ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் ஊர் திரும்பினார்கள் என்பதற்கு மாநிலவாரியாகக் கணக்கு தந்த அமைச்சகம், மரணங்களைப் பொறுத்தவரை அப்படி ஒரு விவரம் பராமரிக்கப்படவில்லை என்றது. கேள்வியில் இழப்பீடு பற்றிய அடுத்த பகுதிக்கு, மேற்கண்ட நிலையில் கேள்வியே எழாது என்பது பதில். அதே கூட்டத்தொடரில் ரயில்வே அமைச்சரோ, சிறப்பு ரயில்களில் பயணம் செய்தபோது செப்டம்பர் 9 வரை 97 பேர் இறந்ததாக மாநிலங்களவையில் எண் கொடுத்தார். ரயில்வே தன் வண்டியில் நடந்ததை எண்ணியிருந்தது. நெடுஞ்சாலையில் நடந்தே போனவர்களை எண்ணும் பொறுப்பு யாருக்கும் தரப்படவில்லை. ‘விவரம் இல்லை’ என்ற பதிலைக் கண்டு பக்கத்தை மூடிவிடாமல், அந்தப் பொருளை அன்றாடம் கையாளும் வேறு அமைச்சகம் எது என்று யோசித்து அங்கே தேடுவது இந்தச் சேவையைப் பயன்படுத்துவோருக்கு அவசியமான பழக்கம்.

பதிலின் முதல் பக்கத்தைவிட அதன் இணைப்பு, அதாவது பின்னால் சேர்த்துத் தரும் அட்டவணை, எப்போதும் மேல். முதல் பக்கத்தில் பெரும்பாலும் திட்டங்களின் பெயர்களும் ‘அரசு தொடர்ந்து நடவடிக்கை எடுத்து வருகிறது’ என்ற வாசகமுமே நிரம்பியிருக்கும். 2022 ஜூலையில் ஒன்றிய அரசு வேலைகள் பற்றிப் பணியாளர் நலத் துறை தந்த பதிலில், 2014-15 முதல் 2021-22 வரை வந்த விண்ணப்பங்கள் 22.05 கோடி, பணிக்குப் பரிந்துரைக்கப்பட்டோர் 7,22,311 பேர் என்ற இரண்டு எண்கள் எல்லா ஏடுகளிலும் வந்தன. ஆண்டுவாரி அட்டவணையைப் பார்த்தவருக்கே, முதல் ஆண்டில் 1,30,423 ஆக இருந்த தேர்வு எண்ணிக்கை 2018-19இல் 38,100 ஆகச் சரிந்ததும், மக்களவைத் தேர்தல் நடந்த 2019-20இல் 1,47,096 ஆக எகிறியதும், 2021-22இல் மீண்டும் 38,850க்கு வந்ததும் தெரியும். அந்த ஏற்றத்துக்குக் காரணம் தேர்தல்தானா என்று அட்டவணை சொல்லாது, நானும் சொல்ல மாட்டேன். ஒரு வேலைக்கு 305 பேர் போட்டி என்று எழுதுவதும் பிழை. அந்தக் கணக்கு விண்ணப்பங்களுக்கு உரியது, ஒரே இளைஞர் எட்டு ஆண்டுகளில் இருபது முறை விண்ணப்பித்திருக்கலாம். அதே ஜூலையில் 9.79 லட்சம் பணியிடங்கள் காலி என்று வந்த பதிலும் 2021 மார்ச் 1 நிலவரத்தையே காட்டியது. ஓராண்டுக்கும் மேல் பழைய எண்ணை அன்றைய நிலவரம் போல மேற்கோள் காட்டியவர்கள் பலர்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் பதில்களிலும் ஒன்றும் இருந்ததில்லை. 2021 கணக்கெடுப்பு பெருந்தொற்றால் ஒத்திவைக்கப்பட்டுள்ளது என்ற ஒற்றை வாசகம் கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர் மாறாமல் வந்தது. 2027 கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்றுதான் வெளியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பயனாளிகளின் எண்ணிக்கையை உயர்த்தக் கேட்டவர்களுக்கெல்லாம் 2011 கணக்கெடுப்பின்படி 81.35 கோடி என்ற எண்ணே கிடைத்தது.

மொழியைப் பொறுத்தவரை, பதில்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே கிடைக்கின்றன. தமிழ்நாட்டு உறுப்பினர் தம் மாவட்டத்துக் குளத்தைப் பற்றிக் கேட்ட கேள்விக்கு வந்த பதிலைக்கூட அந்தக் குளத்தருகே குடியிருப்பவர் தமிழில் படிக்க வழியில்லை. இந்தக் குறைக்காகவே நான் ஒரு நட்சத்திரத்தைக் குறைக்கிறேன். ‘விவரம் பராமரிக்கப்படவில்லை’ என்பதற்காக இன்னொன்றை. மீதம் மூன்று.

கடைசியாக, பலரும் எட்டிப் பார்க்காத ஓர் அலமாரி. ‘தகவல் திரட்டப்படுகிறது, அவையின் முன் வைக்கப்படும்’ என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறுகிறது. மூன்று மாதத்தில் அதை நிறைவேற்ற வேண்டும் என்பது வழக்கம். இதைக் கண்காணிக்க மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1972 முதலும் குழுக்கள் இயங்குகின்றன. மூன்று மாதம் பல வேளைகளில் ஆண்டுகளாக நீள்கிறது, சில உறுதிமொழிகளைக் கைவிட அனுமதி கேட்டு அமைச்சகங்கள் குழுவுக்கு எழுதுகின்றன. ஆனாலும் ஒருநாள் நிறைவேற்ற அறிக்கை வந்து சேர்கிறது, முதலில் கேட்கப்பட்ட அட்டவணை முழுதாக அதில் இருக்கிறது. கேள்வி கேட்ட உறுப்பினரே அதற்குள் தேர்தலில் தோற்று வீட்டுக்குப் போயிருக்கலாம். கூட்டத்தொடரின் கடைசி வாரத்தில் நான் முதலில் திறப்பது அந்தப் பக்கத்தைத்தான்.