முதலில் டயரா, மோட்டாரா? டெல்டா வயலில் ஓடும் ஆர்சி பக்கிக்கு ஓர் அலசல்

சம்பா அறுவடை முடிந்து மாசி பிறந்தால், உளுந்து விதைக்காத வயல்கள் காய்ந்து கட்டாந்தரையாகிவிடும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வரும்வரை பக்கி, அதாவது ரிமோட்டில் ஓடும் சிறு பந்தயக் கார், ஓட்ட இடத்துக்குப் பஞ்சமில்லை. கையிலுள்ள பணத்தை எதில் போடுவது என்பதில்தான் வாக்குவாதம். பலரும் கண்ணை மூடிக்கொண்டு பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டார் என்பார்கள். நான் டயர் கட்சி.

காரணம் நம் மண். காய்ந்த களி அடியில் கல்லாக இறுகிக் கிடக்கும். மேலே புழுதி படர்ந்திருக்கும். நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கியின் சாதாரண 27 டர்ன் (கம்பிச் சுற்று; எண் குறைந்தால் வேகம் கூடும்) மோட்டார் தரும் வலுவையே தேய்ந்த டயர் தரையில் இறக்குவதில்லை. அதில் வலுவான மோட்டாரைப் பூட்டினால் சக்கரம் வெறுமனே சுழன்று புழுதிதான் கிளம்பும். புழுதி மண்டிய வயலுக்கு உயரமான முள் டயர். கூட்டிப் பெருக்கிய நெற்களத்துக்குக் குட்டை முள். கொள்ளிடத்து மணலில் துடுப்பு டயர் அருமையாகப் போகும். ஆனால் அதே டயர் கெட்டித் தரையில் உதவாது.

பிரஷ்லெஸ்ஸை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. பழைய வகை மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசித் தேயும், புழுதி அதை விரைவுபடுத்தும். பிரஷ்லெஸ்ஸில் அந்தத் தொல்லை இல்லை. வாங்குவதானால் சுழலும் நிலையை உணரும் சென்சார் உள்ள 17.5 டர்ன் போதும். மெதுவாகக் கிளம்பும்போது திணறாது. மோட்டார் கை வைக்க முடியாமல் சுட்டால் பினியனில் (மோட்டார் அச்சிலுள்ள சிறு பல்சக்கரம்) ஒரு பல் குறைந்ததை மாட்டுங்கள்.

மோட்டார் பின்னாலா, நடுவிலா? தளர்ந்த மண்ணில் பின்னால்தான்: எடை பின்சக்கரத்தை அழுத்திப் பிடிமானம் தரும். நடுமோட்டார் பக்கிகள் கம்பளத் தளத்துக்கும் பிடிமானம் மிகுந்த களங்களுக்கும் பொருத்தம். நாற்சக்கர இழுவை வண்டி வெடிப்புகளைத் தாண்டிப் போகும், உண்மைதான். ஆட்டம் முடிந்தபின் முன்னும் பின்னும் உள்ள இரண்டு டிஃப்பரன்ஷியலை (இடவலச் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பல்சக்கரப் பெட்டி) துடைக்கும் பொறுமை உண்டா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரிங் விஷயத்தில் எனக்கு இரண்டாம் எண்ணமே கிடையாது. வண்டி கிட்டோடு வரும் பிளாஸ்டிக் புஷ்ஷை (அச்சைத் தாங்கும் வளையம்) கழற்றிவிட்டு ரப்பர் மூடி போட்ட பேரிங்கைப் பொருத்துங்கள். இரும்பு மூடி சற்றே இலகுவாகச் சுழலும், ஆனால் புழுதியை உள்ளே விட்டுவிடும்.

ஷாக் அப்சார்பருக்குள் ஊற்றும் ஆயிலில், வெடிப்பும் அறுத்த நெல் தாளும் நிறைந்த வயலுக்கு மெல்லியது நல்லது; தாவலுக்கு வரப்பு கட்டிய களமானால் கெட்டியானது. சித்திரை வெயிலில் எந்த ஆயிலும் சற்று நீர்த்துவிடும், ஆகவே காலையில் 30 எண் ஆயிலில் ஓட்டியவர் மதியத்துக்கு அதைவிடக் கெட்டியான 35 ஊற்றலாம்.

பேட்டரி இரண்டு செல் லைப்போ (லித்தியம் பாலிமர்). வெயிலில் போட்டுவைக்காதீர்கள், பல நாள் ஓட்டாமல் வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்திவையுங்கள்.