ஆங்கிலப் பதிப்பா, இயந்திர மொழிபெயர்ப்பா, அரபு மூலமா: வளைகுடா, எகிப்து நிறுவனங்களை விசாரிக்க எது உதவும்?

ரியாத்திலோ கெய்ரோவிலோ உள்ள ஒரு நிறுவனத்தோடு வணிகம் தொடங்கும் முன் அதன் பின்னணியை விசாரிக்க விரும்புகிறவருக்கு இன்று நான்கு வழிகள் உள்ளன. ஆங்கிலத்தில் கிடைப்பதை மட்டும் படிக்கலாம். அரபு ஊடகங்களைக் கண்காணித்து மொழிபெயர்த்துத் தரும் அமைப்புகளை நம்பலாம். அரபுப் பக்கங்களை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்க்கலாம். அரபு படிக்கத் தெரிந்த ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு மூலத்தையே படிக்கலாம். ஏற்றுமதியாளர்களுக்காக இத்தகைய விசாரணைகளைச் செய்து வருகிற எனக்கு இந்த நான்கிலும் பழக்கம் உண்டு. இவற்றுள் முதல் மூன்றும் வழிகாட்டிப் பலகைகளாக மட்டுமே பயன்படும், முடிவெடுக்க வேண்டிய இடம் நான்காவதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் நான்காவதற்கும் எல்லை உண்டு என்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்துவிடுவது நல்லது.

ஆங்கிலப் பதிப்புகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சவூதிப் பங்குச்சந்தை 2015 ஜூனில் தகுதிபெற்ற வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2019 டிசம்பரில் சவூதி அரசின் எண்ணெய் நிறுவனமான அராம்கோவின் பங்குகள் அங்கே பட்டியலிடப்பட்டன. இவற்றையொட்டி, பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆங்கில அறிவிப்புகள் ஏராளமாகக் கிடைக்கத் தொடங்கின. அர்காம் போன்ற நிதிச் செய்தித் தளங்களும் இரு மொழிகளில் இயங்குகின்றன. காலாண்டு இலாபம், பங்காதாயம், இயக்குநர் மாற்றம் போன்றவற்றை அறிய ஆங்கிலமே போதும். ஆனால் ஒரு சவூதிப் பங்கு வெளியீட்டு ஆவணத்தின் ஆங்கிலப் பிரதியைத் திறந்தால், இது அதிகாரபூர்வமற்ற மொழிபெயர்ப்பு, முரண்பாடு எழுந்தால் அரபு வடிவமே சட்டப்படி செல்லும் என்ற எச்சரிக்கையை முதல் பக்கங்களிலேயே காணலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் துபாய் சர்வதேச நிதி மையத்தின் நீதிமன்றங்கள் ஆங்கிலத்தில் இயங்கினாலும், அந்த வளாகத்துக்கு வெளியே உள்ள வழக்கமான நீதிமன்றங்களின் மொழி அரபுதான். இரு மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் எந்தப் பத்தி செல்லும் என்ற கேள்வி எழும்போது, ஆங்கிலத்தை மட்டும் படித்துக் கையெழுத்திட்டவர் பலவீனமான இடத்தில் நிற்கிறார்.

காலத் தாமதம் இன்னொரு குறை. சவூதியின் புதிய நிறுவனச் சட்டம் ஹிஜ்ரி 1443-ஆம் ஆண்டு 12-ஆம் மாதம் முதல் நாளிட்ட அரச ஆணையாக வந்தது. அரசிதழில் வெளியானதிலிருந்து 180 நாள் கழித்து நடைமுறைக்கு வரும் என்று அதிலேயே எழுதியிருந்தது. அதன்படி 2023 ஜனவரி 19 முதல் அமலானது. அந்த நாள்கணக்கு தொடங்கும் இடம் உம்முல் குரா என்னும் அரசிதழ். மக்காவில் 1924-இல் தொடங்கப்பட்டு இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் வெளிவரும் அந்த இதழை அரபில் பார்ப்பவருக்கு மாற்றம் அன்றே தெரியும். சட்ட வரைவுகள் பொதுமக்கள் கருத்துக்காக இஸ்தித்லாஃ என்னும் அரசுத் தளத்தில் முன்கூட்டியே அரபில் வெளியாவதால், அதையும் பார்ப்பவருக்குச் சட்டம் ஆவதற்கு முன்பே தெரியும். ஆங்கிலச் செய்திக்காகக் காத்திருப்பவருக்கு அது தலைப்பும் நான்கு பத்தியுமாகச் சுருங்கியே வந்து சேரும்.

இரண்டாவது வழியான கண்காணிப்பு மொழிபெயர்ப்புகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. பிபிசியின் கண்காணிப்புப் பிரிவு 1939-இலும், அமெரிக்க அரசின் வெளிநாட்டு ஒலிபரப்புக் கண்காணிப்பு அமைப்பு 1941-இலும் தொடங்கின. அந்த அமெரிக்க மொழிபெயர்ப்புகளில் ஒரு பகுதியைப் பொதுமக்களும் நூலகங்களும் சந்தா கட்டிப் படித்துவந்தார்கள். 2013-ஆம் ஆண்டின் முடிவோடு அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. இத்தகைய மொழிபெயர்ப்புகளின் தரம் பொதுவாக நன்று; குறை தேர்வில் இருக்கிறது. எந்தப் பேச்சை மொழிபெயர்ப்பது, எதை விடுவது என்பதை வேறொருவர் நமக்காக முடிவுசெய்துவிடுகிறார். இஸ்ரேலிய இராணுவ உளவுத்துறையின் முன்னாள் அதிகாரி ஒருவர் பங்கேற்று 1998-இல் வாஷிங்டனில் தொடங்கிய, அரபு ஊடகங்களை மொழிபெயர்த்து வெளியிடும் மெம்ரி அமைப்பின்மீது, சொற்களைச் சரியாகவே மொழிபெயர்த்தாலும் கடுமையான குரல்களையே தேடித் தேடி எடுக்கிறது என்ற விமரிசனம் நீண்ட காலமாக உண்டு. அரசியல் ஆய்வாளருக்கு இந்தச் சேவைகள் பயன்படலாம். ஒரு சிமெண்டு ஆலையின் பங்குதாரர் யார் என்று தேடுகிறவருக்கு இங்கே ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது.

இயந்திர மொழிபெயர்ப்புதான் இன்று பலரையும் இழுக்கிறது. அது மிகவும் முன்னேறியிருப்பது உண்மை. அரசிதழ், நீதிமன்ற அறிவிப்பு, பங்குச்சந்தை அறிக்கை ஆகியவற்றின் எழுத்து அரபை இயந்திரம் பெரும்பாலும் சரியாகவே தருகிறது. இருநூறு பக்கங்களில் எந்தப் பத்துப் பக்கம் நமக்கு வேண்டும் என்று சலித்தெடுக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் சலித்தெடுத்த பிறகும் அதையே நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 2017 அக்டோபரில் நடந்த ஒன்று சான்று. மேற்குக் கரையில் கட்டுமான வேலை செய்துவந்த ஒரு பாலஸ்தீனர், புல்டோசர் அருகே நின்ற தன் படத்தை ஃபேஸ்புக்கில் இட்டு, பேச்சுவழக்கில் காலை வணக்கம் என்று எழுதினார். தானியங்கி மொழிபெயர்ப்பு அதை ஹீப்ருவில் ‘அவர்களைத் தாக்கு’ என்று காட்டியது. அரபு தெரிந்த ஓர் அதிகாரிகூட மூலத்தைப் படிக்காத நிலையில் இஸ்ரேலியக் காவல்துறை அவரைக் கைதுசெய்து, பிழை தெரிந்த பின் விடுவித்தது. யாராவது ஒருவர் மூல வரியை ஒரு முறை வாசித்திருந்தால் அந்த மனிதருக்கு அந்த அலைக்கழிப்பு நேர்ந்திராது என்பதை இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

அரபில் குறில் உயிரொலிகள் வழக்கமாக எழுதப்படுவதில்லை. ஐன், காஃப், தால் என்ற மூன்றே எழுத்துகள் ‘ஒப்பந்தம்’ என்றும் ‘பத்தாண்டு’ என்றும் ‘கூட்டம் நடத்தப்பட்டது’ என்றும் இடத்துக்கேற்ப வாசிக்கப்படும். பெயர்களில் இடர் கூடுகிறது. சவூதியின் மூன்று வங்கிகளான அல் இன்மா, அல் பிலாத், அல் ஜஸீரா ஆகியவற்றின் பெயர்களுக்கு முறையே வளர்ச்சி, நாடு, தீவு அல்லது தீபகற்பம் என்று பொருள் உண்டு. செய்தித் தலைப்பில் ‘வங்கி’ என்ற சொல் விடுபட்டிருந்தால் அங்கே ஒரு நிறுவனம் பேசப்படுவதே மொழிபெயர்ப்பில் மறைந்துபோகக் கூடும்.

என்னை மிகவும் எச்சரிக்கையாக்கிய சொல் ‘முஅஸ்ஸஸா’. சவூதிக் கடிதத்தாளின் வலப்பக்கத்தில் அரபில் இந்தச் சொல்லும், இடப்பக்கத்தில் ஆங்கிலத்தில் கம்பெனி என்றும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அரபில் கம்பெனிக்குரிய சொல் ‘ஷரிகா’. வணிகப் பதிவில் முஅஸ்ஸஸா என்றால் தனியொருவரின் வணிகம். அதன் கடனுக்கு உரிமையாளரின் சொத்து முழுவதும் பொறுப்பு, அவர் இறந்தால் வணிகத்தின் நிலையே கேள்விக்குறியாகும். வரையறுத்த பொறுப்புள்ள நிறுவனமாக இருந்தால் ‘ஷரிகா தாத் மஸ்ஊலிய்யா மஹ்தூதா’ என்று தெளிவாக எழுதியிருக்கும். இயந்திரம் முஅஸ்ஸஸா என்பதை அறக்கட்டளை என்றோ கழகம் என்றோ பெயர்த்துவிடும். ஆங்கிலப் பக்கமோ கம்பெனி என்று முன்பே மாற்றிவிட்டது. கடன் கொடுக்கலாமா என்ற கேள்விக்கான விடை அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது, அது மூலத்தில் மட்டுமே கண்ணில் படுகிறது.

அதே தாளில் பதிவு எண்ணையும் பார்க்க வேண்டும். வளைகுடாத் தமிழர் சி.ஆர். நம்பர் என்று சொல்லும் வணிகப் பதிவு எண், சவூதியில் 1010 என்று தொடங்கினால் ரியாத், 4030 என்றால் ஜித்தா, 2050 என்றால் தம்மாம். ஜித்தாவில் தலைமையகம் என்று சொல்பவரின் எண் 1010-இல் தொடங்கினால் ஏன் என்று கேட்கலாம். முன்பு கிளைக்குத் தனிப் பதிவு இருந்ததால் நியாயமான விடையும் இருக்கலாம். 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய வணிகப் பதிவுச் சட்டம் நாடு முழுமைக்கும் ஒரே பதிவு என்று ஆக்கி, 7-இல் தொடங்கும் ஒருங்கிணைந்த எண்ணை முன்னிறுத்துவதால், பழைய தாள்களில் இரண்டையும் ஒப்பிட்டுக்கொள்வது அவசியம்.

மூலத்தைப் படிப்பதன் பெரும்பயன் ஆட்பெயர்களில் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ஒரேபோல் எழுதப்படும் சலீமும் ஸாலிமும் அரபில் இருவேறு பெயர்கள். மாறாக, ஆங்கிலத்தில் இருவேறாக எழுதப்படும் உமரியும் அம்ரியும் அரபு எழுத்தில் ஒன்றே. எகிப்தியரின் கமாலும் மற்ற நாட்டாரின் ஜமாலும் ஒரே பெயர்தான். ஆங்கிலம் Al என்று ஒரேபோல் எழுதும் இரண்டு சொற்களைத் தமிழ் நன்றாகவே பிரித்துக் காட்டும்: ‘அல்’ என்பது வெறும் சுட்டு, ‘ஆல்’ என்பது குடும்பம், மரபு, ஆல் சவூத், ஆல் நஹ்யான், ஆல் தானி ஆகியவற்றில் உள்ளது நெடில். ஆனால் அரபின் காஃப், கைன், ஹா வகைகளைப் பிரிக்கத் தமிழிலும் எழுத்துகள் போதாது. ஆகவே பெயர்களைக் குறிப்பேட்டில் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதிவைத்துப் பிறகு தேடும் பழக்கத்தைக் கைவிட்டு, அரபு எழுத்துகளை அப்படியே படியெடுத்து வைத்துக்கொண்டு அவற்றைக் கொண்டே தேட வேண்டும்.

தேடலுக்கும் ஒரு பழக்கம் வேண்டும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லின் பின்னால் ஒட்டி அதன் வடிவை மாற்றுவதுபோல, அரபில் முன்னால் ஒட்டும் எழுத்துகள் சொல்லை மாற்றுகின்றன. ‘அந்த நிறுவனம்’ என்பதைத் தேடினால் ‘அந்த நிறுவனத்துக்கு’ என்பது சில தரவுத்தளங்களில் அகப்படாது, ஏனெனில் அங்கே ஓர் எழுத்து மறைந்துவிடுகிறது. நாள்களும் இப்படித்தான். ஜூலை மாதம் ஈராக்கிலும் சிரியாவிலும் தம்மூஸ், எகிப்தில் யூலியூ, மொராக்கோவில் யூலியூஸ், அல்ஜீரியாவிலும் துனீசியாவிலும் ஜுவீலியா. சவூதி ஆவணத்தின் ஹிஜ்ரி நாளை மாற்றும்போது, அரசிதழின் பெயரையே கொண்ட, சவூதியின் அதிகாரபூர்வ உம்முல் குரா நாட்காட்டியைப் பின்பற்றாத கருவி ஒரு நாள் தள்ளிக் காட்டலாம். ஒப்பந்தக் கெடுவில் ஒரு நாள் சிறிய விஷயம் அன்று.

படிப்பவர் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. இருபது ஆண்டு வளைகுடாவில் இருந்த நம் ஊர்க்காரர் சரளமாகப் பேசுவார். பலருக்கு எழுத்து வராது. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற கல்லூரிகளில் படித்த ஆலிம்களுக்கு இலக்கண அரபு கைவந்தது, அரசிதழின் வாக்கியத்தைப் பிசகின்றி உடைத்துக் காட்டுவார்கள். நிறுவனச் சட்டச் சொற்களை மட்டும் புதிதாகப் பழக வேண்டும். எழுத்து ஆவணத்துக்கு நான் பின்னவரையே நாடுகிறேன். சமூக ஊடகப் பேச்சுவழக்குக்கு அந்தந்த நாட்டில் வாழ்ந்தவர் தேவை. எண் 3, 7 ஆகியவற்றை அரபு எழுத்துகளுக்குப் பதிலாக இட்டு ரோமன் எழுத்தில் எழுதும் இளைஞர் வழக்கும் அவருக்கே புரியும்.

அரபு மூலம் என்று சொன்னதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாது. நாளிதழ்களைப் படிக்கும்போது உரிமையாளரை முதலில் நினைவுகொள்ள வேண்டும்: 1978-இல் இலண்டனில் தொடங்கிய அஷ்ஷர்குல் அவ்ஸத் சவூதிச் சார்புடையது, 2014-இல் அதே நகரில் தொடங்கிய அல் அரபி அல் ஜதீத் கத்தார் பின்புலம் கொண்டது. ஒரே ஒப்பந்தத்தை இரண்டிலும் படித்து, இரண்டும் ஒப்புக்கொள்ளும் பகுதியை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற்றம் இராது. சமூக ஊடகம் வேகமானது, பலவீனமானதும்கூட. அரசு முகமையே பலவீனமான மூலமாகிவிட்ட நாளும் உண்டு. 2017 மே 24 அதிகாலையில் கத்தார் செய்தி முகமையின் தளம் ஊடுருவப்பட்டு, நாட்டின் ஆட்சியாளரான அமீர் சொன்னதாகப் பொய்யான கூற்றுகள் வெளியாயின. கத்தார் சில மணி நேரத்தில் மறுத்தும் பக்கத்து நாட்டு அலைவரிசைகள் அவற்றைத் தொடர்ந்து ஒளிபரப்பின. ஜூன் 5 அன்று சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கும் கத்தாருடனான உறவைத் துண்டித்தன.

அரபு மூலத்தாலும் ஆகாதது ஒன்று உண்டு. பட்டியலிடப்படாத குடும்ப நிறுவனங்களின் கணக்கு எந்த மொழியிலும் பொதுவெளியில் கிடைப்பதில்லை. சவூதியின் கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த அல்கொசைபி, ஸஅத் என்ற இரு குழுமங்களும் 2009-இல் கடனைத் திருப்ப முடியாமல் நின்றபோது, 100-க்கும் மேற்பட்ட வங்கிகள் சிக்கியிருந்தன. குடும்பப் பெயரை நம்பியே பலர் கடன் கொடுத்திருந்தார்கள். அங்கே அரபு தெரிந்திருப்பது மட்டும் காப்பாற்றியிராது. கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டு, காட்ட மறுத்தால் விலகும் துணிவுதான் வேண்டியிருந்தது.

தெரிவு எப்படி அமையும் என்று கேட்பவருக்கு எகிப்தின் 2016-ஆம் ஆண்டு 43-ஆம் எண் ஆணையைக் காட்டுவேன். ஆயத்த ஆடை உட்பட ஒரு பட்டியலில் உள்ள பொருள்களைத் தயாரிக்கும் வெளிநாட்டு ஆலைகள் எகிப்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவுசெய்தாலன்றி, அவற்றின் சரக்கை விற்பனைக்காக உள்ளே விடுவதில்லை என்பது அதன் சாரம். திருப்பூர் ஆலைக்கும் அது பொருந்தும். இப்படி ஓர் ஆணை வந்திருக்கிறது என்பதை ஆங்கிலச் செய்தி சொல்லும். பட்டியலில் என்னென்ன பொருள்கள் என்பதை இயந்திரம் ஏறத்தாழச் சரியாகக் காட்டும். நம் ஆலையின் பெயர் அந்த ஆணையத்தின் பதிவில் எந்த அரபு எழுத்துகளில் ஏறியிருக்கிறது என்பதைப் பார்க்க ஆள் வேண்டும். அரபில் ஆங்கில P-யின் ஒலிக்கு எழுத்தில்லாததால் திருப்பூர் அங்கே B ஒலியோடு திருபூர் ஆகிறது. பட்டியலில் உள்ள எழுத்தும் சரக்குச் சீட்டில் உள்ள எழுத்தும் ஒன்றுதானா என்பதைக் கப்பல் ஏற்றுவதற்கு முன்பே ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.