பலூனுக்கு அடியில் ஒரு டாங்கி

போன மாதம் இங்கிலாந்துக்கார வியாபாரி ஒருவரிடம் 140 பவுண்டு கொடுத்து ஒரே ஒரு தாள் வாங்கினேன். 'வார் பிக்சர் லைப்ரரி' என்ற பிரிட்டிஷ் போர்க் காமிக்ஸ் வரிசையின் கதை ஒன்றுக்காக 1960களின் தொடக்கத்தில் கையால் வரைந்த ஒரிஜினல் பக்கம். வீட்டில் விழுந்த திட்டைத் தனியாக எழுதலாம். மூர் மார்க்கெட் எரிவதற்கு முன்பு, அட்டை கிழிந்த அந்தக் குட்டிப் புத்தகங்களை அங்கே பொறுக்கிப் பொறுக்கிப் படித்தவன் நான். லண்டனின் குராய்டனுக்கு வந்து முப்பது வருஷம் ஆகியும் பித்து தெளியவில்லை.

பார்சல் கட்டியதில் குறை சொல்ல முடியாது. இரண்டு ஹார்ட்போர்டுக்கு நடுவே, மூலை மடங்காமல் வந்து சேர்ந்தது. சுருட்டிக் குழாயில் திணித்து அனுப்புகிறவர்களும் உண்டு. அவர்கள் பக்கமே போகாதீர்கள்.

1958இல் ஒரு ஷில்லிங் விலையில், 64 பக்கத்தில் தொடங்கிய வரிசை இது. அச்சான புத்தகம் சட்டைப்பைக்குள் போய்விடும். ஒரிஜினலோ அதைப்போல இரண்டு மடங்கு. என் பக்கத்தில் மூன்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் வட ஆப்பிரிக்கப் பாலைவனம்; லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் பிரென் என்ற இயந்திரத் துப்பாக்கியோடு ஒருவன் படுத்திருக்கிறான். மட்டமான தாளில் அச்சானபோது அந்தச் சக்கரத்தின் நிழல் வெறும் கறுப்புத் திட்டாகத்தான் தெரியும். இங்கே அது பாதி காய்ந்த பிரஷ்ஷை இழுத்த இழுப்பு. மயிர் மயிராகக் கோடுகள் பிரிந்து நிற்கின்றன. துப்பாக்கிக் குழலை முதலில் நீளமாகப் போட்டுவிட்டு, வெள்ளைப் பெயின்ட் பூசிக் குறைத்திருக்கிறார் ஓவியர். தாளைச் சாய்த்துப் பிடித்தால் அந்த இடம் தழும்பு மாதிரி புடைத்துத் தெரிகிறது. ஓரமெல்லாம் வெளிர்நீலப் பென்சில் குறிப்புகள். அந்தக் கால அச்சகக் கேமராவில் வெளிர்நீலம் விழாது என்பதால் யாரும் அழிக்கவில்லை.

பாத்திரங்கள் பேசுவதை எழுதும் குமிழிகளான வசன பலூன்கள் தனித்தாளில் அச்சடித்து மேலே ஒட்டியவை. அறுபது வருஷத்தில் பசை காய்ந்து டீக்கறை நிறமாகிவிட்டது. உறையிலிருந்து எடுத்தபோதே ஒரு பலூன் கழன்று மடியில் விழுந்தது. அடியில் பார்த்தால் முழுசாக ஒரு டாங்கி! சங்கிலிப் பட்டையின் ஒவ்வொரு பல்லையும் வரைந்திருக்கிறார். புத்தகத்தில் அதை ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரி, குறைகள். விளம்பரத்தில் "முழுமையான பக்கம்" என்றிருந்தது. வந்ததில் இரண்டு பலூன்கள் புதுசாகப் பிரிண்ட் எடுத்து ஒட்டியவை. பால் வெள்ளையாகப் பல்லிளித்தன. எழுதிக் கேட்டதும் வியாபாரி பேசாமல் 25 பவுண்டு திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் அதை நான் கண்டுபிடிக்கும்படி விட்டிருக்கக் கூடாது.

இன்னொன்று, விளம்பரத்தில் ஒட்டியிருந்த "ஹ்யூகோ பிராட் பாணி" என்ற வால். பிராட் பேர்போன இத்தாலியக் காமிக்ஸ் ஓவியர். அவர் 1960 வாக்கில் இந்த வரிசைக்கு வரைந்தது உண்மைதான். ஆனால் இந்தப் புத்தகங்களில் அப்போது ஓவியர் பெயர் போடவில்லை. இத்தாலி, ஸ்பெயின் ஓவியர்கள் பலர் ஏஜென்சிகள் வழியாக வரைந்து அனுப்பினார்கள். அதனால் பிரஷ் கொஞ்சம் தடிமனாக ஓடினாலே பிராட் என்று சொல்லி விலையை ஏற்றிவிடுகிறார்கள். பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், கோட்டைப் பார்த்து வாங்குங்கள். பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழைய செலோடேப் பழுப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையின் நான்காம் பிரிவு அதே பாலைவனத்தில் சண்டை போட்டது. இந்தக் கதைகளில் நம்மாட்கள் முகத்தை எத்தனை வருஷம் தேடியிருப்பேன்! கிடைத்ததெல்லாம் "ஆக்டுங்!" (ஜாக்கிரதை!) என்று கத்தும் ஜெர்மன்காரர்கள்தான்.

கண்ணாடி தாளில் படாதபடி சுற்றிலும் அட்டை மவுன்ட் வைத்து, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டு, வெயில் விழாத மாடிப்படிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கழன்ற பலூனைத் திருப்பி ஒட்டவில்லை. ஓர் உறையில் போட்டு ஃபிரேமுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பிரென்காரன் வாயைத் திறந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் கிடக்கிறான், டாங்கி முழுசாகத் தெரிகிறது.