இரண்டு சுற்று சுற்றிப் பார்த்த பிறகுதான் சாவி தருகிற பட்டறை

இன்ஜினில் கிராங்க், கேம் என்ற இரண்டு தண்டுகளையும் சேர்த்துச் சுழல வைக்கும் பல் வைத்த டைமிங் பெல்ட்டை மாட்டுவது பாதி வேலை. அதன் டென்ஷன், அதாவது இறுக்கம், சரியா என்று பார்ப்பது மீதி. அவசரத்தில் விட்டுப்போவது அந்த மீதிதான். வேலூர் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் இருக்கும் இந்தப் பட்டறையில் அதை விடுவதில்லை.

வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விடச் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. இன்ஜின் சூடாக இருக்கும்போது இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட் விரிந்து, பெல்ட் உள்ளதைவிட இறுக்கமாகத் தெரியும். அதை நம்பி முடுக்கினால் ஆறினதும் தொய்ந்துவிடும். சித்திரை வெயிலில் பெங்களூர் ஹைவேயில் ஓடி வந்த வண்டி லேசில் ஆறாது. அதனால் பெல்ட் வேலை எப்போதும் காலையில்தான்.

மாருதி 800, ஆம்னியில் பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது ஸ்பிரிங் வைத்த டென்ஷனர். கேம் மார்க்கையும் கிராங்க் மார்க்கையும் நேராக வைத்து பெல்ட்டைப் போட்டபின், டென்ஷனர் போல்ட்டை லூஸாகவே விடுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் போல்ட்டில் ராட்செட் ஸ்பானர் போட்டு, கடிகார முள் போகும் திசையில் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. கிராங்க் இரண்டு சுற்று போனால்தான் கேம் ஒரு சுற்று வரும். அதற்குள் பெல்ட் பற்களில் நன்றாக அமர்ந்து, தொய்வெல்லாம் டென்ஷனர் பக்கம் சேர்ந்துவிடும். அதை ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். அப்புறம்தான் போல்ட்டை முடுக்குகிறார்கள். ஸ்டார்ட்டரைத் தட்டிச் சுற்றும் பழக்கமே இங்கே இல்லை. மார்க் தாண்டிப் போய்விட்டால்கூடப் பின்னால் திருப்புவதில்லை, இன்னும் இரண்டு சுற்று முன்னால் போகிறார்கள். பின்னால் திருப்பினால் தொய்வு வேறு பக்கம் போய் டென்ஷன் பொய்யாகிவிடும்.

ரெனோ டஸ்டர் 1.5 டீசலில் டென்ஷனரிலேயே ஒரு முள்ளும் ஒரு வெட்டும் இருக்கும். ஆலன் கீயால் முள்ளை வெட்டுக்கு நேராகக் கொண்டுவந்து, கீயைப் பிடித்தபடியே நட்டை முடுக்க வேண்டும். கீயை விட்டுவிட்டு முடுக்கினால் முள் நகர்ந்துவிடும். இரண்டு சுற்றுக்குப் பிறகு டார்ச் அடித்து முள்ளைப் பார்க்கிறார்கள், வண்டிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். ஒரு நூல் விலகியிருந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். இந்தப் பொறுமைக்காகவே கூலி கொடுக்கலாம்.

பழைய டென்ஷனரோடு புது பெல்ட் போடச் சொன்னால் மறுத்துவிடுகிறார்கள், அது சரிதான்.

குறைகளும் உண்டு. அதிர்வை வைத்து டென்ஷனைக் காட்டும் மீட்டர் இங்கே இல்லை. கையால் அட்ஜஸ்ட் செய்யும் டென்ஷனர் உள்ள வண்டிகளுக்குக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பெல்ட்டை முறுக்கி, கால் சுற்று திரும்புகிறதா என்று பார்ப்பதோடு சரி. அது சுமாரான கணக்குதான். டெலிவரி எடுக்கும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஆக்ஸிலரேட்டர் ஏற ஏற ஊளைச் சத்தமும் ஏறினால் பெல்ட் அதிக இறுக்கம், சீக்கிரம் பேரிங் போகும். கவரில் தடதடவென்று அடித்தால் லூஸ், பல் தாண்டிவிடும்.

வாட்டர் பம்ப்பை நாம் சொன்னால்தான் மாற்றுகிறார்கள். 800-ல் அதை ஓட்டுவது ஃபேன் பெல்ட், அதனால் அவசரமில்லை. டஸ்டரில் டைமிங் பெல்ட்தான் பம்ப்பை ஓட்டுகிறது. பம்ப் பிறகு கசிந்தால் கூலண்ட் புது பெல்ட்டில் இறங்கும், எல்லாவற்றையும் திரும்பக் கழற்ற வேண்டிவரும். டஸ்டர் கொண்டுபோகிறவர்கள் வண்டியை விடும்போதே பம்ப்பையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.