புதுச் சொல்லா, புழங்கும் சொல்லா?

அலுவலக மின்னஞ்சலிலும் அறிக்கையிலும் இந்த இரண்டில் எது நல்லது என்று கேட்டால், பெரும்பாலும் புழங்கும் சொல்தான் என்பேன். "கூட்டம்" என்று எழுதினால் எல்லோருக்கும் புரிகிறது. அதையே "ஒருங்கிணைவு அமர்வு" என்று எழுதினால், வழக்கமான கூட்டமா வேறு ஏதாவதா என்று படிப்பவர் யோசிக்க வேண்டியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் பாடு இன்னும் சிரமம். கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவார், அப்புறம் வேலை தப்பாகப் போகும். ஆள்குறைப்பைச் "சீரமைப்பு" என்று எழுதுவது அதைவிட மோசம். வேலை இழப்பவரிடம் அது நேர்மையான பேச்சு இல்லை.

அதற்காகப் புதுச்சொல்லே கூடாது என்றில்லை. பெயரே இல்லாத கருத்துக்குப் பெயர் வேண்டுமே! 1948ல் அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் தன் கட்டுரையில் தகவலை அளக்கும் அலகை "பிட்" என்று எழுதினார். அந்தச் சொல்லைப் பரிந்துரைத்தவர் புள்ளியியலாளர் ஜான் டூக்கி என்றும் குறிப்பிட்டார். 1992ல் மென்பொருள் வல்லுநர் வார்ட் கன்னிங்ஹாம், முதலில் எழுதிய கணினி நிரலை அப்படியே வெளியிடுவதைக் கடன் வாங்குவதோடு ஒப்பிட்டார். திருத்தத் தாமதித்தால் வட்டி ஏறும் என்பது நிரல் தெரியாத மேலாளருக்கும் புரியும். இந்த ஒப்பீட்டிலிருந்து வந்த "தொழில்நுட்பக் கடன்" என்ற சொல் நிலைத்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

புதுச்சொல் குழுவுக்குள் மட்டும் புழங்கினால் சரி. வேறு துறைக்கோ வாடிக்கையாளருக்கோ போகும் கடிதத்தில், முதல் இடத்திலேயே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். அந்த விளக்கமே போதும் என்று தோன்றினால், புதுச்சொல்லை எடுத்துவிடுங்கள்.