சிவப்பு ஜெர்சியா, கறுப்பு ஜெர்சியா? பியூட்டாவ் சகோதரர்கள் போன இரு வழிகள்

பசிபிக் தீவு நாடான டோங்காவின் வம்சாவளியில் பிறந்து நியூசிலாந்தில் ரக்பி ஆடும் பையனுக்கு முன்னால் இரண்டு வழிகள் உண்டு: டோங்காவுக்கு ஆடலாம், அல்லது நியூசிலாந்துக்கு ஆடலாம். ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொன்றில் போனார்கள்.

மூத்தவர் சியாலே, 1985-இல் பிறந்தவர். அவர் டோங்காவின் சிவப்பு ஜெர்சியை எடுத்துக்கொண்டார். 2011, 2015, 2019 என மூன்று உலகக் கோப்பைகள், கடைசியில் கேப்டன். 2011-இல் அவர் இடம்பெற்ற அணிதான் வெலிங்டனில் பிரான்ஸை 19-14 என்று சாய்த்தது. அதே பிரான்ஸ் பிறகு இறுதிப்போட்டி வரை போனது! சுமார் ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய நாள். ஆனால் இந்த வழியில் பணம் கிடையாது. டெஸ்ட் எனப்படும் சர்வதேச ஆட்டங்களும் குறைவு. வெளிநாட்டு கிளப்களில் இருக்கும் நல்ல வீரர்கள் வர முடியாமல் போனால் என்ன ஆகும் என்பதை 2021-இல் ஆக்லாந்தில் பார்த்தோம்: நியூசிலாந்து 102, டோங்கா 0.

இளையவர் சார்ல்ஸ், 1991-இல் பிறந்தவர். 2013 முதல் 2015 வரை, கறுப்பு ஜெர்சி அணியும் நியூசிலாந்து தேசிய அணியான ஆல் பிளாக்ஸுக்கு 17 டெஸ்ட்கள். அந்தப் பெயரின் மதிப்பு கிளப் சந்தையில் தெரிந்தது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் கிளப் அவருக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டு கொடுப்பதாகச் செய்திகள் வந்தன. இதற்கும் விலை இருந்தது. வெளிநாட்டில் ஆடுபவரை நியூசிலாந்து தேர்வு செய்யாது. அயர்லாந்தின் அல்ஸ்டர் கிளப்போடு அவர் ஒப்பந்தம் போட்ட பிறகு, 2015 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை. 23 வயதில் சர்வதேச ஆட்டம் நின்றுபோனது.

வருமானத்தைப் பார்த்தால் தம்பியின் வழிதான், சந்தேகமில்லை. ஆடிய வாழ்க்கையாக என் ஓட்டு அண்ணனுக்கு. மூன்று உலகக் கோப்பைகளும் கேப்டன் பொறுப்பும் 17 டெஸ்ட்களைவிடக் கனமானவை.

2022 ஜனவரியில் மூன்றாவது வழி திறந்தது. ஒரு நாட்டுக்கு ஆடியவர் மூன்று ஆண்டு இடைவெளி விட்டு, தான் பிறந்த அல்லது பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒரே ஒருமுறை மாறலாம் என்று உலக ரக்பி அமைப்பு விதியைத் திருத்தியது. சார்ல்ஸ் மாறினார், 2023 உலகக் கோப்பையில் டோங்காவுக்கு ஆடினார். ஆல் பிளாக்ஸுக்கு ஆடியிருந்த மலாக்காய் ஃபெகிடோவாவும் அப்படித்தான் திரும்பி வந்தார்.

நல்ல விதி. தாமதமாக வந்ததுதான் என் ஆதங்கம். நான்கைந்து ஆண்டுகள் முன்னால் வந்திருந்தால் 2019-இல் 27 வயது சார்ல்ஸ், அண்ணனின் தலைமையில் ஆடியிருக்கலாம். வாஸ்ப்ஸ், பிரிஸ்டல் என்ற இங்கிலாந்து கிளப்களில் ஒரே அணியில் இருந்த இருவரும் டோங்காவுக்காக ஒரு டெஸ்டில்கூடச் சேர்ந்து ஆடவில்லை. 2019 உலகக் கோப்பையோடு சியாலே சர்வதேச ரக்பியை முடித்துக்கொண்டார்.