குடும்பத்துக்கு ஒரு கடல் கயாக்: ஸ்கெக்கோடு ஒரு நீண்ட வழக்கு

குடும்பத்தோடு கடலில் துடுப்புப் போட வேண்டும், ஆனால் கையைக் கடிக்கக் கூடாது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர், எங்களிடம் இருப்பதைப் போன்ற கயாக்குகளையே தாமும் வாங்கலாமா என்று கேட்டார். அவர் கேட்ட வாரத்தில்தான் எங்கள் ஒருவர் கயாக், ஸ்கெக்கின் (காற்றில் படகு நேராக ஓட அடிப்புறத்திலிருந்து நீருக்குள் இறக்கும் தகட்டின்) கம்பியை மாற்றிக்கொண்டு பழுதுபார்ப்பவரிடமிருந்து திரும்பியிருந்தது. கீழே எங்கேனும் சூடு தென்பட்டால் அதையும் கணக்கில் கொண்டு படிக்கவும்.

எங்களிடம் சுக்கான் பொருத்திய இருவர் கயாக் ஒன்றும் ஸ்கெக் வைத்த ஒருவர் கயாக் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக், இரண்டும் பிறர் பயன்படுத்தி விற்றவை. மூன்று தனிக் கயாக்குகளுக்கு ஆகும் பணத்தில் இரண்டு படகுகளையும், எடை குறைந்த துடுப்புகளையும், ஒவ்வொருவர் உடலுக்கும் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டுகளையும் வாங்க முடிந்தது. இந்த ஏற்பாட்டில் எனக்கு இன்றுவரை குறை இல்லை. பாலிஎத்திலீன் கனமானது, ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒருவர் கயாக்கே 25 கிலோவுக்கு மேல் இருக்கும், அதைக் காரின் கூரையில் ஏற்ற இருவர் வேண்டும். ஆனால் பாறையில் உரசினால் ஒரு கீறலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. கட்டும் பட்டையை அளவுக்கு மீறி இறுக்கியதால் அடிப்புறத்தில் விழுந்த பள்ளம்கூட, வெயிலில் கவிழ்த்து வைத்த சில மணி நேரத்தில் தானாகவே மேலெழுந்துவிட்டது. பிள்ளைகள் இழுத்துப் போகும் படகுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

என் வழக்கெல்லாம் ஸ்கெக்கோடுதான். பின்பகுதியின் அடியில் ஒரு குறுகிய பெட்டிக்குள் ஒளிந்திருந்து, இருக்கைக்குப் பக்கத்திலுள்ள பிடியைத் தள்ளினால் நீருக்குள் இறங்கும் அந்தத் தகடு, பக்கக் காற்று அடிக்கும்போது எவ்வளவு அவசியம் என்பதைப் பலரும் கடலுக்குப் போன பிறகே உணர்கிறார்கள். கயாக் முன்னேறும்போது அதன் முன்முனையை நீர் இருபுறமும் அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. கலங்கிய நீரில் வரும் பின்முனைக்கு அந்தப் பிடிப்பு இல்லாததால் காற்று அதை எளிதில் தள்ளிவிடுகிறது, படகு காற்று வரும் திசையை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கிறது. ஸ்கெக்கைப் பாதி இறக்கினால் பின்முனைக்கும் பிடிப்புக் கிடைத்துப் படகு நேராக ஓடுகிறது.

குடும்பப் படகில் இந்தத் தேவை இரட்டிப்பாகிறது. செலவைக் குறைக்க நினைப்பவர்கள், பெரியவருக்கும் பிள்ளைக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றுதான் ஒரு படகை வாங்குகிறோம். என் எடைக்கு அளவாக அமிழும் அதே படகு, மகள் ஏறினால் நீருக்கு மேல் உயர்ந்து நின்று காற்றை அதிகமாக வாங்குகிறது. பின்னறையில் தண்ணீர்க் கேன்களை வைத்துக் கட்டினால் ஓரளவு அடங்கும் என்றாலும், ஸ்கெக் இல்லாமல் முழுதாக அடங்காது. யாருக்கு அது மிகவும் தேவையோ, அவருடைய கையில்தான் அது வேலை செய்ய மறுக்கிறது.

காரணம் அற்பமானது. கூழாங்கல் கரையில் பின்முனை தரையில் உரசப் படகைத் தள்ளினால், பயறு அளவுள்ள ஒரே ஒரு கல் தகட்டுக்கும் பெட்டிச் சுவருக்கும் நடுவே ஏறிச் செருகிக்கொள்ளும். கடைசியாக நான் கத்தி முனையால் நெம்பி எடுத்த கல் கறுப்பாக, வழவழப்பாக, ஒருபக்கம் மட்டும் தட்டையாக இருந்தது. அந்தத் தட்டைப் பக்கம் பெட்டிச் சுவரோடு அளவெடுத்தது போலப் பொருந்தியிருந்தது. தகடு சிக்கியிருப்பது தெரியாமல் பிடியை அழுத்தித் தள்ளினால், பிடியையும் தகட்டையும் இணைக்கும் கம்பி, வெளியே தெரியும் இடத்தில் மடங்கிவிடுகிறது. ஒருமுறை மடங்கிய கம்பி மறுபடி ஒழுங்காக ஓடுவதில்லை, மாற்றத்தான் வேண்டும். இதற்கிடையில் கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்ட பிள்ளை, காற்று வரும் பக்கத்திலேயே அகல வீசித் துடுப்புப் போட்டு ஒரு தோள் ஓய்ந்துபோகிறாள்.

இதற்குத் தீர்வே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. தகட்டின் பின் மூலையில் சிறு துளையிட்டு ஒரு கயிற்று வளையம் கட்டிவிட்டால், பக்கத்தில் வருபவர் இழுத்துவிடலாம். நாங்களும் கட்டியிருக்கிறோம், பெரும்பாலும் பயன்படுகிறது. கம்பிக்குப் பதிலாகக் கயிறும் எலாஸ்டிக்கும் கொண்டு இயங்கும் ஸ்கெக்குகளில் மடங்குவதற்கு எதுவும் இல்லை. கணுக்கால் அளவு நீரில் படகை முழுதாக மிதக்கவிட்டு ஏறினால் கல்லே நுழையாது. ஆனால் கரையலை அடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சிறுமியை அப்படி ஏற்றிவிட முயன்று பாருங்கள், பிறகு பேசுவோம்.

இருவர் கயாக்கின் சுக்கானும் குற்றமற்றது அல்ல. மிதியில் காலை உதைத்தால் அது நெகிழ்கிறது, தூக்கி வைத்தால் காற்றில் துருத்திக்கொண்டு நிற்கிறது. இருந்தும் அதில் பழுது வந்தால் கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது.

ஒருவர் கயாக்கின் ஓட்டம், அலையில் அது ஏறி இறங்கும் அழகு, மூடிகளின் இறுக்கம், உழைப்பு ஆகிய எதிலும் எனக்குக் குறை இல்லை. இருவர் கயாக்கைவிட அதில் போகவே வீட்டில் எல்லோருக்கும் விருப்பம். இத்தனைக்குப் பிறகும் நண்பருக்கு நான் சொன்ன பதில், வேண்டாம் என்பதே. அதே அளவில் சுக்கான் உள்ள படகு கிடைக்கும்வரை காத்திருக்கச் சொன்னேன். பொறுமை இல்லையென்றால், பணம் கொடுப்பதற்கு முன் படகைக் கவிழ்த்து, ஒருவர் பிடியைத் தள்ள மற்றவர் தகடு முழுதாக வெளிவருகிறதா என்று பார்க்கட்டும். கம்பி வெளியே தெரியும் இடத்தில் விரலை ஓட்டி மடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்கட்டும். மடிப்பு இருந்தால், புதிய கம்பிக்கும் அதை மாற்றும் கூலிக்கும் ஆகும் தொகையை விலையிலிருந்து கழித்துக் கேட்க வேண்டும். விற்பவர் அதற்கு இசையாவிட்டால் எழுந்து வந்துவிடலாம்.